மூன்று நாள் ஐந்து மணி நாற்பது நிமிடம்

இன்னும் எண்பது நிமிடங்கள் இருந்தன. எண்பது என்று சொல்லிக்கொண்டதுமே சசிரேகாவின் மனம் அதை நொடிகளாக்கி, நொடிகளை அறுபதால் பெருக்கி, இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் என்று வந்த விடையை மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்த எண்ணோடு ஒட்டிப் பார்த்து, சரிதான் என்று அமைந்தது. யாரும் கேட்காத கணக்கைப் போட்டு யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்வது அவளுடைய நெடுநாள் வழக்கம். ஆய்வுக்கூடத்தில் வேறு எவரும் இல்லை. சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு ஐம்பது. எதிரே மேசைமேல் கைக்குட்டை அளவில் ஒரு பச்சை மின்சுற்றுப் பலகை, அதிலிருந்து கிளம்பிய கம்பியின் முனையில் ஒரு சிறு திரை, திரையில் இடமிருந்து வலமாக நடந்து ஓரத்தைத் தொட்டதும் மறுபடி இடப்புறத்தில் தோன்றும் ஒரு வெள்ளைக் கோடு. புதன்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து அந்தக் கோடு நடந்துகொண்டிருக்கிறது. திரை என்பது நொடிக்கு அறுபது முறை தன்னைப் புதிதாக வரைந்துகொள்கிறது. ஒரு முறை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குமுன் இமைப்பொழுதிலும் குறுகிய ஓர் இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளி ஒவ்வொன்றுக்கும் சிப்பின் உள்ளே ஓர் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. எண்ணிக்கையை வைத்துக்கொள்ள அங்கே இருக்கும் இடமோ சிறிது. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சத்தில் அது நிரம்பிவிடும். நிரம்பினால், வண்டியின் கிலோமீட்டர் காட்டி ஒன்பதுகளை முடித்துக்கொண்டு சுழியத்துக்குத் திரும்புவதைப்போலத் திரும்பிவிடும். மூன்று நாள் ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை. அப்படித் திரும்புவது இன்று மாலை நான்கு பத்துக்கு. அப்போது வெள்ளைக் கோடு நடந்துகொண்டே இருந்தால், ஒன்பது மாதங்களாக எல்லோரும் நம்புவதுபோல, பிழை அவளோடு வேலைசெய்த லூர்துநாதனுடையது. கோடு நின்றுவிட்டால் பிழை அவளுடையது. பலகையில் அவள் ஏற்றியிருப்பது லூர்து கை வைப்பதற்கு முந்தைய நிரல், ஏழாண்டுகளுக்கு முன் அவள் ஒருத்தியே எழுதியது. அதற்குள் வேறொருவரின் எழுத்து ஒன்றுகூட இல்லை.

கதவு திறந்த ஓசையில் தோள் தானாகக் குலுங்கியது. காவலுக்கு இருக்கும் வள்ளியம்மாள். சாவிக்கொத்தைக் கையில் பிடித்து ஒலிக்காமல் வருவது அவள் வழக்கம், இருந்தும் ஒலித்தது. "ஏனுங் மேடம், இன்னைக்கும் வந்துட்டீங்களா? நானும் ஆருடா லைட்டு போட்டுட்டுப் போனதுன்னு மேல ஏறி வாரேன்." ஒரு வேலை, நான்கரைக்குள் முடிந்துவிடும் என்றாள் சசிரேகா. வள்ளியம்மாள் திரையை எட்டிப் பார்த்தாள். "இந்தக் கோட்டையா மூணு நாளாப் பாக்கறீங்க? முந்தாநாளும் இதேதானுங்க ஓடிட்டிருந்துச்சு." ஆமாம், இதேதான். "என்ன பண்ணுமுங்க அது?" நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். "நிக்கோணுமா, நிக்கக்கூடாதா?" சசிரேகா வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. வள்ளியம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரிங், அஞ்சு மணிக்கு ஏசிய நிறுத்திருவாங்க, அதுக்கு மேல இருந்தா வெந்துருவீங்க. ஊட்டுல தேட மாட்டாங்களா?" கேட்டுவிட்டு, விடைக்கு நிற்காமல், போகிற போக்கில் இரண்டு நாற்காலிகளை மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் போனாள். தேடமாட்டார்கள் என்பது விடை. அதைச் சொல்வதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கணபதிப் பகுதியில் ஓர் இரண்டாம் மாடியில் இரண்டு அறை, ஒரு குளிர்பெட்டி, ஞாயிறுதோறும் மஸ்கட்டிலிருந்து தங்கையின் தொலைபேசி, அதில் தங்கை பேசுவாள், அவள் உம் கொட்டுவாள். தேடுதல் என்பதைப் பற்றி யோசித்தால் அதற்கும் ஒரு முறைமை இருக்கிறது. தேடுபவர் ஒருவராவது இருக்கும்வரைதான் விளக்கை எரியவிடுவது. திரையை இயக்கும் டிரைவர் நிரலிலும் அப்படித்தான். அடுத்த இடைவெளி எப்போது என்று கேட்டுக்கொண்டு எந்தச் செயலியாவது காத்திருந்தால், சிப் ஒவ்வொரு முறையும் மணியடித்துச் சொல்லும். கேட்பவர் எல்லோரும் போய்விட்டால் ஐந்து நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு மணியை நிறுத்திவிடுவார்கள், மின்சாரம் வீணாகாமல் இருக்க. ஐந்து நொடி. அவள் அலைபேசியைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் வந்திருக்கவில்லை. நிக்கோணுமா நிக்கக்கூடாதா என்ற கேள்வி மட்டும் நாற்காலிகளுக்கு நடுவே விடப்பட்டிருந்தது. நிற்கக்கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தப் பொறியாளரும் அப்படித்தான் சொல்வார். ஏன் சொல்ல வரவில்லை.

கடிதம் வந்தது சென்ற ஆண்டு ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நோயாளிகளின் படுக்கையருகே வைக்கும் மானிட்டர்களைச் செய்கிற நிறுவனம் அனுப்பியது. அந்த மானிட்டரின் திரையை ஓட்டும் டிரைவர் சசிரேகாவின் நிறுவனம் எழுதியது. ஏதோ ஒரு சிற்றூரின் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒரு திரை, ஆள் வந்து பார்க்கும்வரை, பதினோரு நிமிடம் உறைந்து நின்றிருக்கிறது. நாடித்துடிப்பு எழுபத்தெட்டு என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. செவிலி ஒருத்தி வந்து பார்த்தபோது படுக்கை காலி. அதில் படுத்திருந்த மூதாட்டி கம்பிகளைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போயிருந்தாள். ஆளில்லாத படுக்கைக்கு எழுபத்தெட்டு. கடிதத்தைப் படித்த கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் அணைந்தது, ஏனென்றால் அவள் கழிப்பறைக்குப் போகாமல் அங்கேயே கிடந்து, துடிப்பு எழுபத்தெட்டிலிருந்து இறங்கிக்கொண்டே போயிருந்தாலும் திரை எழுபத்தெட்டு என்றுதான் சொல்லியிருக்கும் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அந்த மூதாட்டியைச் சசிரேகா பார்த்ததில்லை. ஆனாலும் ஒன்பது மாதமாக அந்த மூதாட்டி இவள் மனத்துக்குள் எழுந்து நடக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கையில் பிளாஸ்திரியின் பசை ஒட்டியிருக்க. எழுந்து நடந்தாளே என்பது ஆறுதல். எழுந்திராமல் இருந்திருந்தால் என்பது அடுத்த நொடி. இரண்டும் மாறி மாறி வரும், கோட்டைப்போல, ஓரத்தைத் தொட்டதும் மறுபடி முதலிலிருந்து. மேலாளர் ரகுராமன் அன்று மாலையே சந்தேகத்துக்குரிய வரியைக் கண்டுபிடித்துவிட்டார். பழைய எண்ணிக்கையையும் புதிய எண்ணிக்கையையும் ஒப்பிடுகிற ஒரு வரி. எந்த வரியையும் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டுகிற ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் படைத்தவர்கள் விளையாட்டாகவோ வினையாகவோ அதற்குப் பழி என்றே பொருள்பட பிளேம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பிளேம் போட்டுப் பாத்தாச்சு. லூர்து பேருதான் வருது," என்றார் ரகுராமன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "என்ன லூர்து, ஆறு வருஷ எக்ஸ்பீரியன்ஸ், எண்ணுற கவுண்டர் திரும்பி வரும்னு தெரியாதா?" லூர்து ஒரு கணம் திரையைப் பார்த்தார். பிறகு, "பாக்கேன் சார்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். தன் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். அது அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி.

அவளும் பார்த்தாள். அன்றே பார்த்தாள். அந்தக் கட்டளை மேல்தோலை மட்டும்தான் காட்டும் என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். ஒரு வரியின் முன்னால் உள்ள வெற்றிடத்தை ஒருவர் சரிசெய்தால்கூட அந்த வரி அவர் பெயருக்கு மாறிவிடும். லூர்து செய்தது அதைத்தான். மூன்று கோப்புகளில் சிதறிக்கிடந்ததை ஒரே கோப்புக்குக் கொண்டுவந்து, வரிகளின் தொடக்கங்களை விதிப்படி ஒரே நேராக நிறுத்தினார். செய்யச் சொன்னது யார். "ரேகா மேடம், ஓடுற நிரலைப் போட்டு எதுக்கு இழுக்கீங்க? உள்ளே தள்ளி எழுதினா என்ன, வெளியே தள்ளி எழுதினா என்ன, மெசினுக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்று அவர் சிணுங்கியபோது, ஒழுங்கு மெஷினுக்கில்லை, நமக்கு என்று பதில் சொல்லி, சரிபார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும் இட்டுக் கையொப்பமிட்டவள் அவளேதான். எனவே மாலை ஆறேகால் மணிக்கு, ரகுராமன் போன பிறகு, பக்கத்து நாற்காலியில் லூர்து எதையோ தட்டிக்கொண்டிருக்கையில், வெற்றிட மாற்றங்களைத் தள்ளிவிட்டு அதற்கடியில் பார் என்று அந்தக் கட்டளைக்கு இன்னொரு சொல்லைச் சேர்த்து அடித்தாள். அடியில் அவள் பெயர் இருந்தது. ஏழாண்டுக்கு முந்தைய தேதி. அந்த நாள்கூட நினைவிருக்கிறது. அப்போதைய சிப் ஒன்று, அணைத்து எழுப்பினால் எண்ணிக்கையைச் சுழியமாக்கிக்கொள்ளும்; அதை நம்பிக் கணக்குப் போட்டால் கோடிக்கணக்கில் பொய்யான தாவல் வரும். அதனால் எழுதினாள்: புதியது பழையதைவிடச் சிறிதாக இருந்தால் அதை நம்பாதே, பழையதைத் தாண்டும்வரை பொறு. பின்னோக்கிப் போகிற எதையும் நம்பாதே. எழுதும்போது அது எவ்வளவு கறாராகவும் தூய்மையாகவும் இருந்தது. நிரம்பித் திரும்புகிற எண்ணிக்கையும் பின்னோக்கிப் போனதுபோலத்தான் தோன்றும் என்பதும், பழையதைத் தாண்டும்வரை பொறு என்றால் அது மூன்று நாள் பொறு என்றாகும் என்பதும், அவளுக்கு, கவுண்டர் திரும்பி வரும் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு, அன்று தோன்றவில்லை. அவள் அந்தச் சன்னலை மூடினாள். திரையில் வெறும் மேசைப்பரப்பு. பக்கத்தில் லூர்து, "காப்பி குடிக்கப் போறேன், வாரீங்களா?" என்றார். தலைவலி என்றாள்.

உறுதியாகத் தெரியாதே என்பதுதான் அவள் மூடிய சன்னலின்மேல் இழுத்துவிட்ட திரைச்சீலை. இடம் மாற்றியபோது வேறேதாவது முன்பின்னாகியிருக்கலாம். மணியை நிறுத்துகிற லூர்துவின் மின்சேமிப்பு மாற்றம் குறுக்கே வந்திருக்கலாம். இந்த வரி குற்றமற்றதாகவே இருக்கலாம். உறுதியில்லாததைச் சொல்வது ஒழுங்காகாது. நான்கு நாள் கழித்து அறிக்கை போயிற்று. லூர்துநாதன் செய்த மாற்றத்தில் நேர்ந்த கவனக்குறைவு என்று. திருத்தம் என்று ஒன்றையும் எவரும் எழுதவில்லை. மானிட்டர் நாள்தோறும் விடியலில் ஒருமுறை தானாக அணைந்து எழும்படி செய்துவிட்டார்கள், எண்ணிக்கை ஒருபோதும் நிரம்பாது, நோய் அங்கேயே இருக்க அறிகுறி மறைந்தது. ஜூலை இறுதியில் லூர்து தானாக விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் சோதித்துப் பார்த்திருக்கலாம். ஒரு பலகை, ஒரு கம்பி, ஒரு திரை. அதுவும் மூன்று நாள் தேவையில்லை. சிப் சொல்லும் எண்ணோடு ஒரு பெரிய எண்ணைக் கூட்டிவிட்டால், தொடங்கிய இரண்டாவது நிமிடமே நிரம்பிவிடும்படி வைக்கலாம். ஆண்டுதோறும் புதிதாக வருபவர்களுக்கு அவள் கற்றுத்தருகிற முதல் உத்தியே அதுதான். முடிவுக்கு அருகிலிருந்து தொடங்குங்கள், பிழைகள் அங்கேதான் குடியிருக்கின்றன. புதன்கிழமை காலை பலகையில் மின்சாரம் பாய்ச்சியபோது அவள் விரல் அந்த உத்திக்குப் போகவில்லை. சுழியத்திலிருந்தே ஓடவிட்டாள். இயற்கையான சூழலில் சோதிப்பதே முறை என்று ஒரு காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள், அழகான கையெழுத்தில், அடிக்கோடிட்டு. மூன்று நாள் அவகாசம் வேண்டியிருந்தது என்று அதற்குக் கீழே எழுதவில்லை. ஒன்பது மாதம் போதாமல் இன்னும் மூன்று நாள். எதற்கு. இப்போதுதான் ஏன் தொடங்கினாள் என்றால், சென்ற வாரம் உணவுக்கூடத்தில் யாரோ சொன்னார்கள், லூர்து சொந்த ஊர் தூத்துக்குடிக்கே போய்விட்டாராம், மச்சானுடைய ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறாராம், எங்கே நேர்முகத்துக்குப் போனாலும் அந்த மானிட்டர் விவகாரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறதாம். "பாவம் மனுஷன்" என்று சொல்லிவிட்டு அவர்கள் தயிரைக் கலக்கினார்கள். அவள் எழுந்து கை கழுவப் போனாள். குழாயில் நீர் சுடச்சுட வந்தது. நெடுநேரம் கழுவினாள்.

மூன்று முப்பத்தைந்து. கண்ணின் ஓரம் உறுத்தியது. அறையில் குளிர் கூடிக்கொண்டே போவதுபோலவும் அதற்கு நடுவே முதுகு மட்டும் நனைவதுபோலவும் இருந்தது. ஆறாண்டு, ஆண்டுக்கு இருநூற்றுச் சொச்சம் வேலைநாள், அத்தனை நாளும் லூர்துவோடு ஒரே மேசையில் மதிய உணவு. அவர் டப்பாவில் மீன் இருக்கும் நாளில் அவரே இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்வார், இவளுக்கு வாடை ஆகாது என்று. அங்கிருந்தபடியே உரக்கப் பேசுவார். அவர் மனைவி ஜெசிந்தா ஒரு முறை இவளுக்கென்று தனியாகக் கத்தரிக்காய் வதக்கி அனுப்பினாள். வேறொன்றும் இல்லை. வேறொன்று இருந்தது என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் ஒரு நாளில் அவள் பேசுகிற சொற்களை எண்ணினால் பாதிக்குமேல் அந்த அரைமணி நேரத்தில் செலவானவை, அது கணக்கு. மின்சேமிப்பு மாற்றத்தைப் பற்றி அந்த மேசையில்தான் சண்டை. "யாரும் கேக்கலைன்னா எதுக்கு மேடம் எண்ணிக்கிட்டே இருக்கணும்? மணியை நிறுத்திருவோம். பொறவு எவனாவது வந்து கேட்டா, கடைசியா எண்ணினது இவ்வளவு, இப்ப சிப்பு சொல்லுறது இவ்வளவு, கழிச்சா இடையில போனது தெரிஞ்சிரும்லா." தவறிப்போனதைப் பிறகு கழித்துக் கணக்கிடுவதும் இருந்து எண்ணுவதும் ஒன்றாகாது என்று அவள் வாதிட்டாள். "விடை ஒண்ணுதானே?" விடை ஒன்றுதான். அவள் தோற்றாள். இப்போது கழித்துப் பார்க்கிறாள்: ஜூலை இறுதியிலிருந்து இன்றுவரை ஏழு மாதமும் இருபத்து மூன்று நாளும். இடையில் வந்தது ஒன்று, கிறிஸ்துமஸ் அன்று ஒரு வாழ்த்து, எல்லோருக்கும் அனுப்பியதில் இவளுக்கும் ஒன்று. நன்றி, உங்களுக்கும் என்று பதில் அனுப்பினாள், ஐந்து நொடி அல்ல, ஒரு மணிநேரம் அலைபேசியைக் கையில் வைத்திருந்தாள், பிறகு வைத்துவிட்டாள். அவருக்குத் தெரியுமா என்பதுதான் முள். தெரிந்திருந்தால் ஏன் சொல்லவில்லை. அவரும் அடியில் பார்த்திருப்பார், பார்க்காமல் இருக்க அவரொன்றும் ரகுராமன் இல்லை. பார்த்திருந்தால், அவள் சொல்வாள் என்று அந்த நான்கு நாளும் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தாரா. அந்த நான்கு நாளும் காப்பிக்குக் கூப்பிட்டாரே. அல்லது பார்க்கவே இல்லை, தன் பிழை என்றே இன்றுவரை நம்பி, ஐஸ் பாளங்களுக்கு நடுவில் நின்று, கவுண்டர் திரும்பி வரும்னு தெரியாதா என்ற கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறாரா. எது மேல் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கோடு ஓரத்தைத் தொட்டது. இடப்புறத்தில் தோன்றியது. நடக்கட்டும். நடந்துகொண்டே இருந்தால் எல்லாம் அப்படியே இருக்கும், அவள் எழுந்து பலகையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் துணி உலர்த்தலாம். நிக்கக்கூடாதுங்க, வள்ளியம்மா. இப்போது விடை வருகிறது, கேட்டவள் போன பிறகு. அப்படி வேண்டிக்கொண்ட மறுகணமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது; ஒரு மனிதர் தவறு செய்திருக்க வேண்டும் என்று இங்கே குளிரில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறாள்.

நான்கு ஏழு. நான்கு எட்டு. மடிக்கணினியில் சிப்பின் எண் நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது, கடைசி இலக்கங்கள் படிக்க முடியாத வேகத்தில், முன்னிலக்கங்கள் மலைபோல அசையாமல். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து எழுபத்தோராயிரம். எழுபத்து மூவாயிரம். ஒருவேளை புதன்கிழமை தவறான நிரலை ஏற்றியிருப்பாளோ. இல்லை, மூன்று முறை சரிபார்த்தாள். தண்ணீர் குடிக்கலாமா, குடிக்கும் நேரத்தில் தவறிவிடும். எழுபத்தாறாயிரம். எழுபத்தேழாயிரம், நூறு, இருநூறு, பிறகு எண் முழுவதும் துடைக்கப்பட்டு அந்த இடத்தில் மிகச் சிறிய ஓர் எண் இருந்தது, பதினொன்றோ பன்னிரண்டோ, அது எதுவும் நடவாததுபோல ஓடத் தொடங்கியது. அவள் தலையைத் தூக்கினாள். வெள்ளைக் கோடு திரையின் நடுவைக் கடந்து சற்று வலப்புறத்தில் நின்றிருந்தது. அவள் காத்திருந்தாள். கோட்டின் விளிம்பு மிகத் தெளிவாக இருந்தது. மூன்று நாளாக நகர்ந்துகொண்டிருந்ததால் அது எவ்வளவு கூர்மையானது என்பதை அவள் கண்டதே இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. கீழே சிப் மூவாயிரத்து அறுநூறு என்றது. மேலே அவள் எழுதிய வரி, பின்னோக்கிப் போனதை நம்பாமல், பழையது தாண்டப்படும்வரை பொறுத்துக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை; நெடுநாள் தூக்கிப்பிடித்திருந்த கையை இறக்கினால் வருகிற மரத்துப்போன வலி மட்டும் தோளில் வந்தது.

திருத்தம் இரண்டு வரிதான். ஒப்பிடுவதை எடுத்துவிட்டு, கழித்து, மேலே வழிந்ததை வெட்டிவிட்டால் போதும். திருத்தத்தோடு எது பிழை செய்தது என்று அந்த மாற்றத்தின் அடையாள எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்பது தொழிலில் எழுதப்பட்ட ஒழுக்கம். அவள் தன்னுடைய ஏழாண்டுப் பழைய மாற்றத்தின் எண்ணைப் பன்னிரண்டு எழுத்தும் பிசகாமல் இட்டாள். லூர்துநாதன் செய்த மாற்றத்துக்கும் இப்பிழைக்கும் தொடர்பில்லை, சோதனை முடிவு இணைப்பில் உள்ளது என்று எழுதினாள். ரகுராமனுக்கும், மானிட்டர் செய்யும் நிறுவனத்துக்கும், குழுவினர் அனைவருக்கும், நகல் லூர்துவின் சொந்த முகவரிக்கும். நான்கு ஐம்பதுக்கு அனுப்பினாள். பிறகுதான் அவரை அழைத்தாள். முதலில் அழைத்திருந்தால் அனுப்பாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று பயம். நான்காவது மணியில் எடுத்தார். பின்னால் ஏதோ ஓர் இயந்திரம் கற்களைக் கடிப்பதுபோல உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன மேடம், அதிசயமா இருக்கு. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க வேலையா இருக்கீங்களா?"

"மீன்பிடி போட்டுக்கு ஐஸ் ஏத்திட்டு இருக்கோம். சத்தமா இருக்கும், சும்மா சொல்லுங்க."

சொன்னாள். பழைய நிரல், மூன்று நாள், நான்கு பத்து, கோடு நின்றது. அவளுடைய வரி. மின்னஞ்சல் போய்விட்டது. அவர் குறுக்கிடாமல் கேட்டார். அங்கே யாரோ அவரை "அண்ணே, கூடை" என்று கூப்பிட்டார்கள், "அங்கன வைல," என்றார். பிறகு அவளிடம், "தெரியும் மேடம்," என்றார்.

"தெரியுமா?"

"லெட்டர் வந்த அன்னைக்கே தோண்டிப் பாத்தேன்லா. அடியில உங்க பேரு. சரி, மேடமும் பாப்பாங்க, பாத்தா அவங்களே சொல்லிருவாங்கன்னு விட்டுட்டேன். நாலு நாளாச்சு, சொல்லலை. அப்பத்தான் தெரிஞ்சுது, நீங்க பாக்கவே இல்லைன்னு." சிரித்தார். "ஜெசிந்தா கூட ஏசுனா, போய்ச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானன்னு. நான் சொன்னேன், ரேகா மேடம் பாத்திருந்தா சொல்லாம இருக்க மாட்டாங்க, நாம போய் அவங்க பேரச் சொன்னா அவங்க ஒடஞ்சு போயிருவாங்க, அவங்களுக்கு அந்த வேலையை விட்டா வேற என்ன இருக்குன்னு. அதான். இன்னைக்குத்தான் பாத்தீங்க போல."

அது கேள்வியாகக்கூட இல்லை. ஆமாம் என்று சொன்னால் போதும்; ம் என்றால்கூடப் போதும்; பேசாமல் இருந்தாலே ஆமாம் என்றுதான் ஆகும், ஒன்பது மாதம் பேசாமல் இருந்ததைப்போல. இந்த உலகத்தில் அவளைப் பற்றி ஒரே ஒருவர் வைத்திருக்கிற ஒரு நல்ல எண்ணம், அதற்காக அவர் கொடுத்தது எவ்வளவு என்று தெரிந்த பிறகும், அவள் கையில் முழுதாக இருந்தது. அதை அவள் வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலில் பொய் ஒன்றும் இல்லை. அவர் பெயர் துடைக்கப்பட்டுவிட்டது. எவருக்கும் இனி நட்டமில்லை. வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை தவிர இன்னொரு நாளும் யாராவது அழைக்கக்கூடும். இயந்திரம் பாளம் ஒன்றைக் கடித்து நொறுக்கியது.

"இல்ல லூர்து," என்றாள். "அன்னைக்கே பாத்தேன். சாயங்காலம் ஆறேகாலுக்கு."

இயந்திரத்தின் ஓசை தள்ளிப் போயிற்று; எழுந்து வெளியே எங்கோ நடக்கிறார் போலும். காற்று கேட்டது, பிறகு ஒரு காகம்.

"நான் பக்கத்துலதான இருந்தேன்," என்றார்.

"ஆமாம்."

"காப்பிக்குக் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டீங்க."

மறுபடியும் காற்று. இங்கே நடுக்கூடத்தில் ஏதோ ஒன்று அடங்கிய ஓசை கேட்டது. ஐந்து மணி, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு நேரம் அது ஓசை செய்துகொண்டிருந்தது என்பதே நின்ற பிறகுதான் தெரிந்தது.

"மெயில்ல அத எழுதியிருக்கீங்களா?"

"எதை?"

"அன்னைக்கே பாத்தத."

"இல்ல. எழுதலை."

"எழுதணும்னு நான் சொல்லலை மேடம்."

"எழுதறேன்."

"இப்பவா?"

"இப்பவே."

அவர் மூச்சுவிடுவது கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்து அலைபேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். "சரி, எழுதுங்க," என்றார் அவர். குரலில் பழைய சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை, அல்லது அவளுக்குப் பிரித்தறிய வரவில்லை. "நான் லைன்லயே இருக்கேன்."

அவள் ஒலிபெருக்கியை அழுத்தி அலைபேசியை மேசைமேல் வைத்தாள். புதிய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, அதே முகவரிகளை ஒன்றுவிடாமல் இட்டு, முந்தைய மின்னஞ்சலில் சொன்ன பிழை என்னுடையது என்பதைச் சென்ற ஆண்டு ஜூன் மாதம் கடிதம் வந்த அன்றே நான் அறிவேன் என்று தொடங்கினாள். ஒவ்வொரு விசையின் ஓசையும் அங்கே அவருக்குக் கேட்கும் என்பது தெரிந்தே, நிறுத்தாமல், அழுத்தி அடித்தாள்.